தனுஷ்கோடி 'அழிந்த ஊர்' என்றால், அங்கே தினமும் சோறு ஆக்குகிறவர்கள் யார்?

தங்கச்சிமடத்தான்:

போன ஞாயிறு சென்னையிலிருந்து என் அத்தை மகன் குடும்பத்தோடு வந்திருந்தான். கோயிலில் 22 தீர்த்தமும் ஆடிவிட்டு, ஈரத் துணியை முழுசாகக் காயக்கூட விடாமல், "மச்சான், அந்தப் பேய் ஊரைக் காட்டு" என்று நின்றான். சரி என்று வண்டியை எடுத்தேன்.

இடிந்த சர்ச்சுக்கு முன்னால் நின்று கைபேசியில் படம் பிடிக்கிறான். "நண்பர்களே, 1964-க்கு அப்புறம் இங்கே ஒரு ஈ காக்கா கூடக் கிடையாது" என்று குரலைத் தாழ்த்திப் பேசுகிறான். அவன் பேசிக்கொண்டிருக்கும்போதே பின்னால் ஒரு அம்மா இடுப்பில் குடத்தோடு நடந்து போகிறார். வீடியோவில் அவரும் தெளிவாக விழுந்திருக்கிறார். பேசினவனும் கவனிக்கவில்லை, பார்த்தவர்களும் கவனிக்கவில்லை. கீழே "புல்லரிக்குது" என்று வரிசையாகக் கருத்து.

ஒரு வாரமாக அந்தக் குடம் என் மனதை விட்டுப் போகவில்லை. அதனால்தான் இந்த இழை.

ஒரே ஒரு வேண்டுகோள். புயல் ராத்திரிக் கதை வேண்டாம். பாம்பனிலிருந்து கிளம்பி அலையில் போன 653-ம் எண் பாசஞ்சர், அதற்கு விழாத சிக்னல், பனை உயர அலை, எல்லாம் எல்லோருக்கும் தெரியும். 1964 டிசம்பர் 23 விடிந்ததிலிருந்து சொல்லுங்கள். யார் எங்கே போனார்கள், எப்போது அடுப்பு மூட்டினார்கள், ஏன் திரும்பிப் போனார்கள். வீட்டில் கேட்டது போதும்.

கம்பிப்பாட்டுப் பேரன்:

என் அப்பத்தாவுக்கு அப்போது பத்தொன்பது வயது, கையில் ஐந்து மாதக் குழந்தை. அது என் பெரியப்பா. விடிந்தபோது தண்ணீர் வடிந்திருந்தது, ஆனால் எந்தப் பக்கம் ஊர், எந்தப் பக்கம் கடல் என்று புரியவில்லையாம். தண்டவாளம் முறுக்கிப்போட்ட ஓலை மாதிரி கிடந்ததாம். கோதண்டராமர் கோயில் நின்றதால்தான் திசை தெரிந்தது என்பார். அதை அடையாளமாக வைத்து நடந்து ராமேஸ்வரம் வந்து சேர்ந்தார்கள். கோயிலைச் சுற்றின தெருக்களில் திண்ணை திண்ணையாக ஆட்கள். ஒரு வீட்டில் கஞ்சி ஊற்றினார்கள். அந்த வீட்டுக்காரம்மா முதலில் கேட்டது பேரையோ ஊரையோ இல்லை, "பிள்ளைக்குப் பால் இருக்கா?" என்றுதான். அப்பத்தா இதைச் சொல்லும்போது மட்டும் அழுவார். செத்தவர்களைப் பற்றிப் பேசும்போது அழமாட்டார்.

அரசாங்கம் தனுஷ்கோடி மனிதர் வாழத் தகுதியில்லாத இடம் என்று அறிவித்தது. கொஞ்சம் பேர் நடராஜபுரம், கரையூர் பக்கம் தங்கிவிட்டார்கள். எங்கள் ஐயா, அப்பத்தாவின் வீட்டுக்காரர், அடுத்த கச்சானுக்கே (தென்மேற்குக் காற்றுக் காலம்) திரும்பிப் போய்விட்டார். ஏன் என்று நான் சின்ன வயதில் கேட்டேன். "ஊர்தான போச்சு, கடலு அங்கனதான இருக்கு" என்றார்.

வெளியூர்க்காரர்களுக்கு இது பிடிவாதமாகத் தெரியும். தொழில் தெரிந்தவனுக்கு அப்படி இல்லை. தனுஷ்கோடி ஒரு மணல் நாக்கு. வடக்கே பாக் நீரிணை, நாங்கள் பெண்கடல் என்போம். தெற்கே மன்னார் வளைகுடா, அது ஆண்கடல். வாடை வீசும்போது வடகடல் கொந்தளிக்கும், தெற்கே வலை இறக்கலாம். கச்சான் வீசும்போது தென்கடல் நிற்க விடாது, வடக்கே போகலாம். நடந்து போகிற தூரத்தில் இரண்டு கடல். வருடம் முழுக்கக் கரைவலை இழுக்க இதைவிட வசதி எங்கே கிடைக்கும்? நடராஜபுரத்தில் கூரை கிடைத்தது. பாடு, அதாவது மீன், கிடைக்கவில்லை.

எழும்பூர் ரிட்டர்ன்:

ஜெமினி கணேசனும் சாவித்திரியும் அன்றைக்கு...

தங்கச்சிமடத்தான்:

அண்ணே, வேண்டாம். யாராவது இதை ஆரம்பிப்பார்கள் என்று தெரியும். :)

பாலத்து வீட்டுப் பிள்ளை:

அப்பா ரயில்வேயில் கலாசியாக இருந்தவர். அதனால் பாலத்துப் பக்கத்தைச் சொல்கிறேன்.

1914-ல் திறந்த பாம்பன் பாலத்தில் 126 கர்டர்களை (தண்டவாளத்தைத் தாங்குகிற இரும்பு உத்தரங்கள்) அந்தப் புயல் கடலுக்குள் தள்ளிவிட்டது. கப்பலுக்குத் திறந்து மூடுகிற நடுக்கண் மட்டும் தப்பித்து நின்றது. தீவுக்கு வேறு வழி கிடையாது, சாலைப் பாலம் வந்ததே 1988-ல்தான். சீரமைக்க முதலில் ஆறு மாதம் என்றார்கள், அப்புறம் மூன்று மாதம் என்றார்கள். அப்போது இளம் பொறியாளராக இருந்த ஈ. ஸ்ரீதரன் 46 நாளில் முடித்துக் காட்டினார். பின்னால் கொங்கண் ரயில்வே, டெல்லி மெட்ரோ என்று பேர் வாங்கினாரே, அவரேதான்.

எங்கள் வீட்டில் சொல்வது இதன் இன்னொரு பாதி. புது கர்டர் செய்து கொண்டுவர நாள் பிடிக்கும். விழுந்த கர்டர்கள் கடலடியில் எங்கே கிடக்கின்றன என்று காட்டிக் கொடுத்தவர்கள் மீன்பிடிக்காரர்கள். அதைத் தூக்கித்தான் திரும்பப் பொருத்தினார்கள். எந்த இடத்தில் வலை சிக்கும் என்று தெரிந்தவனுக்குத்தானே கீழே என்ன கிடக்கிறது என்று தெரியும்.

ரயில் வந்தது. ஆனால் பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போகிற பாதையைத் திரும்பப் போடவில்லை. ராமேஸ்வரம் வண்டி மட்டும்தான். அதுவரை எழும்பூரில் ஏறினால் போட் மெயில் தனுஷ்கோடிக் கப்பல்துறைக்கே கொண்டுவந்து விடும், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல். புயலுக்கு அப்புறம் கப்பலும் ராமேஸ்வரத்துக்கு மாறிவிட்டது. 80-களில் இலங்கைக் கலவரத்தோடு அதுவும் நின்றது. 2019-ல் தனுஷ்கோடிப் பாதைக்கு மறுபடி அடிக்கல் நாட்டினார்கள். அடிக்கல் அடிக்கல்லாகவே இருக்கிறது.

தங்கச்சிமடத்தான்:

அப்படியென்றால் கணக்கு இதுதானா? பாலத்துக்கு 46 நாள். ஊருக்கு 60 வருடம், இன்னும் முடியவில்லை.

நிலஅளவை:

கொஞ்சம் எதிர்த்துப் பேசுகிறேன், கோபப்பட வேண்டாம்.

பாலத்தையும் ஊரையும் ஒரே தராசில் வைப்பது சரியில்லை. பாலம் உடைந்தால் தீவே பட்டினி கிடக்கும், அதனால் அவசரம். தனுஷ்கோடி விஷயம் வேறு. பல இடங்களில் இந்தக் கரையில் நின்றால் அந்தக் கரை தெரிகிற அகலம்தான். மேடு என்று சொல்ல ஒன்றும் இல்லை. அலை ஒரு பக்கம் ஏறினால் மறுபக்கம் இறங்கித்தான் போகும். ஆயிரத்தைந்நூறு, இரண்டாயிரம் பேர் போன பிறகு அதே மணலில் அரசாங்கமே வீடு கட்டிக் கொடுத்து, இன்னொரு புயல் வந்திருந்தால் இதே இழையில் "ஏன் அங்கே கொண்டுபோய் வைத்தாய்?" என்றுதான் கேட்போம். 2004 சுனாமியில் இலங்கை குறுக்கே இருந்ததால் நம் மாவட்டம் பெரிய அடி வாங்காமல் தப்பித்தது. அதை வைத்து அந்த இடம் பத்திரம் என்று நினைக்கக் கூடாது.

கம்பிப்பாட்டுப் பேரன்:

வீடு கட்டிக் கொடு என்று எங்கள் ஐயா கேட்கவே இல்லை. ஓலைக் குடிசை, சவுக்குக் கம்பு, அவரே கட்டிக்கொண்டார். காற்றுக்குப் போனால் மறுபடி கட்டுவார். கேட்டது ஒரு விளக்கு, ஒரு நர்சு, பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம். பள்ளிக்கூடம் ரொம்பக் காலம் கழித்து வந்தது. அரை நூற்றாண்டுக்கு மேல் ஒரு மின்கம்பம் வரவில்லை. சோலார் விளக்கு வந்து சேரும் வரை சிம்னிதான்.

வாழத் தகுதியில்லை என்ற இடத்துக்கு 2017-ல் கடைசி முனையான அரிச்சல்முனை வரை தார்ச்சாலை போட்டாகிவிட்டது. பேருந்து வருகிறது. லீவு நாளில் எத்தனை ஆயிரம் பேர் வருகிறார்கள் என்று நீங்களே வந்து எண்ணிப் பாருங்கள். பகலில் வந்து போகிறவனுக்குத் தகுதியான இடம், ராத்திரி படுக்கிறவனுக்குத் தகுதியில்லாத இடம் என்று ஒன்று உண்டா?

உப்புக்காத்து:

அந்தக் குடத்தைப் பற்றி நான் எழுதுகிறேன். நான் அங்கேதான் பிறந்தேன், இப்போது கட்டிக்கொடுத்த இடம் மண்டபம்.

தனுஷ்கோடியில் குடிதண்ணீர் ஊற்றிலிருந்து. கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் மணலைக் கையால் தோண்டுவோம். முழங்கை அளவு போனதும் மணல் கறுத்து ஈரமாகும். இன்னும் ஒரு சாண் போனால் அடியில் தண்ணீர் கசியும். அவசரப்படக் கூடாது. முதலில் வருவது கலங்கல், அதை அள்ளி வெளியே கொட்டிவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் கண்ணாடி மாதிரி தெளியும். சிரட்டையால் மேலாக, தண்ணீர் அதிராமல் மோந்து, குடத்து வாயில் கட்டின துணி வழியாக ஊற்றுவோம். ஒரு குடம் நிரம்ப நல்ல நேரம் பிடிக்கும். அதற்குள் ஊர்க்கதை எல்லாம் பேசி முடித்துவிடலாம். யார் வீட்டில் பெண் பார்க்க வந்தார்கள், எந்த வலையில் எவ்வளவு பட்டது, எல்லாம் அங்கேதான் தெரியும்.

இன்னும் ஆழமாகத் தோண்டினால் நிறையத் தண்ணீர் வருமே என்று வெளியாட்கள் கேட்பார்கள். வரும், உப்பாக வரும். ஒரு ஊற்றை ஆசைப்பட்டு ஆழம் தோண்டிவிட்டால் அது சில நாளைக்குக் கெட்டுப்போகும். என் அம்மா அப்படி ஒருமுறை தோண்டிவிட்டு அம்மாச்சியிடம் வாங்கின ஏச்சை இன்னும் சொல்லிக் காட்டுவார்கள். எடுத்து முடித்ததும் ஆடும் நாயும் வாய் வைக்காமல் ஓலையால் மூடி, மேலே ஒரு கல் வைத்துவிட்டு வர வேண்டும்.

இப்போது சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் மூடின ஓலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு அப்படியே போட்டுவிட்டுப் போகிறார்கள். ஒருவர் அதில் கால் கழுவினார். நான் கண்ணால் பார்த்தது.

கீழக்கரை நானா:

உப்புக்காத்து, படிக்கப் படிக்க நாக்கு வறண்டுவிட்டது. கடலுக்கு நடுவில் நல்ல தண்ணீர் எப்படி நிற்கிறது என்று யாராவது விளக்குவீர்களா? எங்கள் வாப்பா "அது ராமர் அம்பு விட்டு வரவழைச்ச தண்ணி, ஆனா தாகம் தீர்க்கிறது எல்லாருக்கும்தான்" என்று சிரிப்பார்.

நிலஅளவை:

இது என் பாடம்! மழைத் தண்ணீர் மணலுக்குள் இறங்கி, அடியில் இருக்கிற உப்புத் தண்ணீர் மேல் மிதக்கிறது. நல்ல தண்ணீர் எடை குறைவு, அதனால் எண்ணெய் மாதிரி மேலே நிற்கும், மணலுக்குள் இருப்பதால் அலையடித்துக் கலக்காது. வாடை மழை நன்றாகப் பெய்தால் வில்லை மாதிரி நிற்கிற அந்த நல்ல தண்ணீர் தடிக்கும், கோடையில் மெலியும். மோட்டார் வைத்து உறிஞ்சினால் அடியிலிருந்து உப்பு ஏறிவிடும். சிரட்டையால் மோந்தால் ஏறாது. அவருடைய அம்மாச்சி சொன்னதுதான் விஞ்ஞானம், நாங்கள் படித்தது அப்புறம்.

வேன் ஓட்டி:

2017-க்கு முன்னாடி, அப்போது சாலை முடிகிற இடமான முகுந்தராயர் சத்திரத்திலிருந்து மணலில் வேன் ஓட்டினவன் நான். டயரில் பாதிக் காற்றை இறக்கிவிட்டு, கடல் விளிம்பில் ஈர மணலாகப் பார்த்து ஓட்ட வேண்டும். காய்ந்த மணலில் ஏறினால் பயணிகளே இறங்கித் தள்ள வேண்டியதுதான். போகும்போது ஆட்கள், வரும்போது மீன் கூடை. ஒருமுறை மதுரைக் குடும்பம் ஒன்று சீட்டுக்கு அடியில் இருந்த சூடை மீன் கூடையில் கால் வைத்துவிட்டு ராமேஸ்வரம் வரை சண்டை போட்டது.

சாலை வந்ததும் என் பிழைப்பு போய்விட்டது. இருந்தாலும் உண்மையைச் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் பிரசவ வலி வந்தால் மீன் வண்டியில்தான் ஏற்றுவோம். இப்போது ஆட்டோ வருகிறது. மீன் ஏலத்துக்குப் போக நேரம் மிச்சம். ரோட்டோரம் வறுத்த மீன் கடை, சங்கு பாசி விற்கிற கடை என்று பெண்கள் கையில் தனிக் காசு புரள்கிறது. மிளகாய்த்தூள் நம்ம முண்டு மிளகாய், எண்ணெயில் பாரைத் துண்டம் பொரிகிற வாசம் வண்டிக்குள் வரும்போது எவனும் நிறுத்தாமல் போகமாட்டான். கஷ்டம் என்னவென்றால், சாயங்காலம் ஆனதும் வெளியாட்களைப் போலீஸ் திருப்பி அனுப்பிவிடும். அதோடு அந்தச் சாலை அமைதியாகிவிடும். நீங்கள் எல்லாம் பார்க்காத தனுஷ்கோடி அதற்கு மேல்தான். சட்டி கழுவுகிற சத்தம், வலை பொத்துகிற ஆட்கள், பாட்டுப் பெட்டி. எனக்குப் பிடித்தது அந்த நேரம்.

பாம்பன் சின்னப்பாலம்:

நீங்கள் எல்லாம் 60 வருடத்துக் கதை பேசுகிறீர்கள், நான் ஒரு சின்ன விஷயம் சொல்கிறேன். 2024 நவம்பர் 20. மேகவெடிப்பு என்றார்கள். ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல், பாம்பனில் மூன்றே மணி நேரத்தில் 19 செ.மீ. புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினால் நமக்குத் தெரியும், எத்தனாம் நம்பர் என்று சின்னப் பிள்ளையும் சொல்லும். இது கூண்டு இல்லாமல் வந்தது.

எங்கள் வீட்டில் கட்டில் மட்டம் வரை தண்ணீர். வடிந்த பிறகு முதலில் செய்த வேலை என்ன தெரியுமா? மகளின் பத்தாம் வகுப்பு மார்க் சீட்டு, குடும்ப அட்டை, படகு லைசன்ஸ் எல்லாவற்றையும் கயிற்றில் துணி மாதிரி கிளிப் போட்டுக் காயப்போட்டோம். தெரு முழுக்க இதே காட்சி. யார் வீட்டுப் பத்திரம் யாருடையது என்று தெரியாமல், காற்றில் பறந்து ஒருவர் வீட்டுக் காகிதம் இன்னொருவர் வாசலில். எதிர்வீட்டுக்காரர் தன் வயதை எல்லோரிடமும் ஐந்து வருடம் குறைத்துச் சொல்லி வந்தது அன்றைக்குத்தான் வெளிச்சத்துக்கு வந்தது. அந்த நிலைமையிலும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

நிவாரணம் கணக்கெடுக்க வந்த ஒரு அலுவலர் "சுவர் இடியலையே" என்று எழுதிக்கொண்டு போனார். சுவர் இடியவில்லைதான். வலை, ஐஸ் பெட்டி, எஞ்சின் எல்லாம் சேற்றில் கிடந்தன. அவை அவருடைய படிவத்தில் கட்டம் இல்லாத பொருள்கள்.

எழும்பூர் ரிட்டர்ன்:

ஜெமினி கதைக்குப் பதில் ஒரு உபயோகமான கேள்வி. அங்கே நல்ல கருவாடு எப்படிப் பார்த்து வாங்குவது? போன தடவை வாங்கின நெத்திலியில் பாதி மணல்.

உப்புக்காத்து:

மணலில் நேராகக் காயப்போட்டதை உங்களிடம் தள்ளியிருக்கிறார்கள். வலையோ தார்ப்பாயோ விரித்துக் காயவைத்ததைக் கேளுங்கள். நெத்திலியை ஒடித்தால் சட்டென்று ஒடிய வேண்டும், வளைந்தால் ஈரம். கண் பகுதி மஞ்சளாக இருந்தால் வைத்துவிடுங்கள். மழைக்காலத்தில் வாங்கவே வேண்டாம், தை மாசிக்கு மேல் வாருங்கள். ஏப்ரல் 15-லிருந்து 61 நாள் விசைப்படகுத் தடைக்காலம். அப்போது கரைவலைக்காரர்கள், நாட்டுப்படகுக்காரர்கள் கொண்டுவருவதுதான், விலை கூட இருக்கும், சரக்கு நன்றாக இருக்கும்.

நிலஅளவை:

கம்பிப்பாட்டுப் பேரன் கேட்டது இரண்டு நாளாக உறுத்துகிறது. ஒரு திருத்தம் சொல்லிக்கொள்கிறேன். அங்கே நிரந்தரக் கட்டடம் கூடாது என்பதில் மாற்றம் இல்லை. ஆனால் குடியிருக்கிறார்கள் என்று ஒத்துக்கொண்டால்தான் புயல் வரும்போது எத்தனை பேரை வெளியே கொண்டுவர வேண்டும் என்ற கணக்கு இருக்கும். காகிதத்தில் ஆளே இல்லாத ஊருக்கு யார் வண்டி அனுப்புவார்கள்? அந்த வகையில் 'அழிந்த ஊர்' என்ற பேர் ஆபத்தானதுதான்.

கம்பிப்பாட்டுப் பேரன்:

இதைத்தான் அண்ணே ஐயா வேறு மாதிரி சொல்வார். கூண்டு ஏறினதும் முதலில் படகை மேட்டில் ஏற்றுவோம், அப்புறம் பெண்கள் பிள்ளைகள் ராமேஸ்வரம். எவரும் வந்து சொல்லும்வரை காத்திருந்தது கிடையாது. கஜா வந்த 2018-லும் அப்படித்தான். புயல் வேதாரண்யம் பக்கம் போய்விட்டது, மறுநாள் மதியம் திரும்பி வந்து கூரை ஓலையைச் சரி செய்தார்கள். ஐயா கிடையாது அப்போது. அவர் கட்டின அதே முடிச்சுத்தான்.

தங்கச்சிமடத்தான்:

நேற்று அத்தை மகனிடம் இந்த இழையை அனுப்பினேன். ராத்திரி பதினொரு மணிக்குக் கூப்பிடுகிறான். வீடியோவை நாலைந்து தடவை திரும்பப் பார்த்தானாம். "மச்சான், குடத்தோட போறது யாரு?" என்கிறான். எனக்கு எப்படித் தெரியும்?

உப்புக்காத்து:

சர்ச்சுக்குப் பின்னால் அந்த வழியாகத் தண்ணீருக்குப் போகிறவர்கள் மூன்று பேர்தான். குடம் என்ன நிறம்?

தங்கச்சிமடத்தான்:

பச்சை. பிளாஸ்டிக். கழுத்தில் நீல நைலான் கயிறு சுற்றியிருக்கிறது.

உப்புக்காத்து:

அப்படியென்றால் எங்கள் சின்னம்மா. வாய் உடைந்த குடம், தூக்கிப் போடச் சொன்னால் கேட்பதில்லை, கயிறு கட்டி வைத்திருக்கிறார்கள். உங்கள் மச்சானிடம் சொல்லுங்கள், அடுத்த தடவை வந்தால் ரோட்டோரக் கடைசிக் கடை அவர்களுடையது. மீன் வாங்கினால் போதும், படம் பிடிக்கட்டும். ஆனால் தலை சீவிவிட்டு வருவதற்கு ஒரு நிமிஷம் கொடுக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் எனக்குத்தான் ஏச்சு விழும்.